ஷேக் ஸனூஸியின் பச்சைத் தண்ணீர்

ரத்தப் புற்றுநோயில் பிழைத்தவர்கள் இருபது வருடம் கழித்துத் திடீரென்று சாவது ஏன்? இதற்கு விடை தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். எகிப்தில், எங்கள் அஸ்வான் சந்தைக்குப் பின்னால் குடியிருக்கும் ஷேக் ஸனூஸி. மருத்துவர்கள் இதயம், நுரையீரல், இரண்டாவது புற்று என்று குழம்புகிறார்கள். ஷேக்குக்கு அந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. கண்ணேறு. பிழைத்து வந்த அன்று தெருவுக்கே சர்பத் கொடுத்தீர்கள் அல்லவா? குடித்தவர்களில் ஒருவர் கண் வைத்துவிட்டார். அவ்வளவுதான்.

சுவரில் செத்தவர்களின் படங்களை மாட்டியிருந்தார். "இவங்கல்லாம் எங்கிட்ட வராதவங்க" என்பார். கூட்டம் சந்தை வரை நின்றது. நானும் நின்றேன், முழங்கால் வலிக்கு. மடத்தனத்துக்கு நான் மட்டும் விலக்கா?

எனக்கு முன்னால் பக்கத்து வீட்டு ஸாபிரீன். பதினான்கு வயதில் அந்த நோய் வந்து, சிவப்பு மருந்து ஏற்றிப் பிழைத்தவள். இப்போது முப்பத்து மூன்று. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நாத்தனார் இன்திஸார் அவளை இதய ஸ்கேனுக்குத்தான் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். வழியில் தாயார் நஃபீஸா அழுது புரண்டு இங்கே திருப்பிவிட்டாள்.

"உக்காரணும் போல இருக்கு உம்மா."

"கொஞ்சம் பொறுத்துக்கடி. ஷேக் பாத்தா எல்லாம் சரியாயிடும்."

வாசலில் ஒவ்வொருவர் கையிலும் ஈர வெள்ளைப் பொடியைப் பூசினார்கள். சுத்தத்துக்காம். உள்ளே ஷேக் சிவப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை நீட்டினார். ஸாபிரீன் கையை விட்டாள். தண்ணீர் பச்சையாகிக் கருத்தது. கூட்டம் அலறியது.

"நாப்பது நாள் ஆஸ்பத்திரிப் பக்கமே போகக் கூடாது. மெஷின் பாத்துச்சுன்னா கண்ணேறு இதயத்துல இறங்கிடும்."

"என் புள்ள உசுரோட இருந்தா போதும் ஷேக், போகவே மாட்டோம்!"

காப்பிக்கடையில் கிளாஸ் கழுவுகிற இன்திஸார் கிண்ணத்தை மோந்து பார்த்தாள்.

"இது நாம தெனம் குடிக்கிற செம்பருத்திச் சாயால்ல?"

"நாக்க அடக்கு பொண்ணே!" என்று ஷேக் அதட்டினார்.

"அடக்குறேன். ஒண்ணே ஒண்ணு பாத்துட்டு."

யாருடைய சந்தைக் கூடையிலிருந்தோ ஒரு உருளைக்கிழங்கை எடுத்தாள். வாசல் பொடியைப் பூசி, ஷேக் பக்கத்தில் வைத்திருந்த இன்னொரு சிவப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் முக்கினாள். பச்சை.

"சொல்லுங்க ஷேக், இந்தக் கிழங்குக்கு யாரு கண்ணு வச்சா? வெங்காயமா?"

பிறகு ஸாபிரீனின் கையை நன்றாகக் கழுவிவிட்டு மூன்றாவது கிண்ணத்தில் விடச் சொன்னாள். சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

"வாசல்ல பூசுறது துணி தொவைக்கிற சோடா. செம்பருத்திச் சாயாவுல பட்டா பச்சையாயிடும். எங்க கடைத் தொட்டியில தெனம் அறுநூறு கிளாஸுக்குக் கண்ணேறு படுது. நான் எந்த ஷேக்கையும் கூப்பிடல. தண்ணிய மாத்துறேன், போயிடுது."

ஷேக் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று பின்வாசல் வழியாகப் போனார். அது எந்தத் தொழுகைக்கும் நேரமில்லை. "அடியே, கிழங்குக்குக் கூடவா கண் படுது!" என்று கூடைக்காரி அவசரமாக வீட்டுக்கு ஓடினாள், மிச்சக் கிழங்குக்குச் சாம்பிராணி போட.

நான்தான் வண்டி பிடித்தேன். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்தார்.

"அந்தச் சிவப்பு மருந்துதான் இவங்களைக் காப்பாத்துச்சு. அதே மருந்து இதயத்தத் தளர்த்தியும் இருக்கு. மாத்திரையில சமாளிக்கலாம். இன்னும் நாப்பது நாள் விட்டிருந்தா என்னால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது."

நஃபீஸா தலையில் அடித்துக்கொண்டாள். "இத முன்னாடியே யாராச்சும் சொல்லக் கூடாதா?"

"டிஸ்சார்ஜ் சீட்டுலயே எழுதியிருப்பாங்களேம்மா. அது எங்க?"

நஃபீஸா மகளின் கழுத்தில் கிடந்த தோல் தாயத்தைப் பார்த்தாள். மகளை உயிரோடு திருப்பிக் கொண்டுவந்த சீட்டு ராசியானது என்று பத்தொன்பது வருடத்துக்கு முன் அதற்குள் மடித்துத் தைத்தவள் அவள்தான். பிரித்தோம். 'வருடம் ஒருமுறை இதயத்தைப் பரிசோதிக்கவும்.' கொட்டை எழுத்தில் இருந்தது.

அந்த வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஐந்து பேர். தைப்பதற்கு முன் ஒருவராவது படித்திருக்கலாம்.