இருபத்திரண்டு ஓம் குற்றவாளி

மாமனார் சீதனமாகக் கொடுத்த இஸ்திரிப் பெட்டியை இன்று வீட்டை விட்டு அனுப்பியே தீருவது என்று முடிவு கட்டிவிட்டார் காயில்காரர். நாற்பது வருஷம் ஊரார் மோட்டாருக்கெல்லாம் காயில் கட்டியவர். வீட்டில் ஃபியூஸ் கட்டியே விரல் தேய்ந்துபோனார். காலையில் அவருடைய கெட்டிலும் மனைவியின் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து ஓடினால் போதும், ஃபியூஸ் பொசுக்கென்று போய்விடும். இரண்டில் எது அதிகமாகக் கரண்ட் இழுக்கிறதோ அது பழைய இரும்புக் கடைக்கு என்று நேற்றே இருவரும் பேசி முடித்திருந்தார்கள்.

கெட்டில், அவர் முதல் சம்பளத்தில் வாங்கியது. அதைப் பிரிவதா?

மனைவி துணி துவைக்கிற நேரம் பார்த்து மீட்டரை மாட்டினார். இஸ்திரிப் பெட்டி: 220 வோல்ட், இரண்டு ஆம்பியர். பெருக்கினால் 440 வாட். வகுத்தால் மின்தடை 110 ஓம். பரம சாது. கெட்டில்: அதே 220 வோல்ட், ஆனால் பத்து ஆம்பியர். பெருக்கினால் 2200 வாட். தடையோ வெறும் 22 ஓம். தடுக்க ஆளில்லாத பிள்ளை மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது.

பேனாவை எடுத்துத் தாளில் பெயர்களை மட்டும் மாற்றி எழுதினார்.

வித்தை புதிதல்ல. தொழிற்பள்ளியில் மீட்டருக்கு இருவர் என்று பிரித்தபோது இதே மனைவிதான் அவருக்கு ஜோடி. இவர் வேண்டுமென்றே அளவைத் தப்பாகப் படிப்பார். வாத்தியார், திரும்பச் செய் என்பார். இன்னொரு மணி நேரம் அவள் பக்கத்தில் உட்காரலாம். இப்படியே நாலு வாரம் ஒரே சோதனை. நினைத்தால் இப்போதும் நெஞ்சு இனிக்கும்.

ஈரக்கையைத் துடைத்தபடி வந்த மனைவி தாளைப் பார்த்தாள்.

"கெட்டில் 440 வாட்டா?"

"வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினேன். கணக்கு பொய் சொல்லாது."

"கணக்கு சொல்லாதுங்க. 440 வாட்டுல ஒரு லிட்டர் தண்ணி கொதிக்கப் பன்னெண்டு நிமிஷம் ஆகும். உங்க கெட்டில்ல நான் பல்லு தேய்ச்சு முடிக்கறதுக்குள்ள கொதிக்குது."

அவர் விட்டத்தைப் பார்த்தார்.

"அன்னைக்கும் இப்படித்தான். ரெண்டு ஆம்பியரை மூணுன்னு படிப்பீங்க."

"உனக்குத் தெரியுமா?"

"ரெண்டு வாரம் படிச்சீங்க. அப்புறம் வாத்தியார் திட்டினதும் பயந்துபோய் ஒழுங்காப் படிக்க ஆரம்பிச்சிட்டீங்க."

"நாலு வாரம் நடந்துச்சே?"

"மிச்ச ரெண்டு வாரம் நான்தான் ஒயரை லூசாக்கி வெச்சேன்."

நாற்பது வருஷப் பெருமை ஒரு நொடியில் போயிற்று. ஆனாலும் அவருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

"அப்ப கெட்டிலு?"

"இருந்துட்டுப் போகட்டும். எங்கப்பா பெட்டியும் இருக்கட்டும். சேர்ந்து ஓடினாத்தானே வம்பு? ரெண்டு வேலையும் ஒரே ஆள் பார்த்தா எப்படிச் சேர்ந்து ஓடும்?"

மறுநாள் முதல் காயில்காரர் வெந்நீரை இறக்கி வைத்த கையோடு, மாமனார் பெட்டியால் வீட்டுத் துணி முழுவதையும் தேய்க்கிறார். ஃபியூஸ் போகவே இல்லை.