‘என்னைப் பற்றி’ எழுதப்போய்

மனிதன் ஒருமுறைதான் சாகலாம் என்று படித்தவர்கள் சொல்வார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் கைவிட்ட எனக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. நான் ஏற்கெனவே ஒருமுறை செத்திருக்கிறேன். செத்த செய்தியை என் கண்ணாலேயே வாசித்தும் இருக்கிறேன். அந்தச் செய்தியை எழுதியதும் நானேதான்.

நீர்வேலியில் சைக்கிள் கரியரில் இரண்டு வாழைக்குலையைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனவன் நான். இன்று என் லொறி போகாத சந்தை குடாநாட்டில் இல்லை. எவரிடமும் கைகட்டி நின்று தொழில் பழகியதில்லை. கைத்தொலைபேசியும் அப்படித்தான். மகள் சொல்லித்தர வந்தபோது, “உன்னையே தூக்கி வளத்தவன், உதைத் தூக்கமாட்டனோ?” என்று அனுப்பிவிட்டேன். நானாகவே தடவித் தடவி முகநூலில் ‘நீர்வேலி வாழைச்சோலை’ என்று ஒரு பக்கமும் அதோடு ஒரு வலைப்பூவும் தொடங்கினேன். கனடா, லண்டன், பாரிஸ், சுவிஸ் என்று எங்கள் சனம் எங்கெல்லாம் சிதறிக் கிடக்கிறதோ, அங்கெல்லாம் எனக்கு வாசகர்கள். (இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. தெரிந்திருக்கட்டும் என்றுதான்.)

பக்கம் நடத்துவதும் வாழை வைப்பதும் ஒன்றுதான். பக்கக்கன்றுகளை வெட்டாவிட்டால் குலை பெருக்காது. என் குலையின் படத்துக்குக் கீழே “இதைவிடப் பெரிசு எங்கடை கிணத்தடியிலை நிக்குது” என்று எழுதியவர், என் அறிவுரைக்குச் சிரிப்பு முகம் போட்டவர், எழுத்துப்பிழை பிடித்த ஓய்வுபெற்ற வாத்தியார் எல்லாரையும் உடனுக்குடன் ‘புளொக்’ பண்ணினேன். கோபம் ஆறினால் திரும்பச் சேர்ப்பேன். கனடாவில் இருக்கும் என் தம்பி நடேசுவுக்கு ரூபன் என்று ஒரு மச்சான், தம்பி பெண்சாதியின் தமையன். வாய் சும்மா கிடக்காத ஆள். அவனை நான் வெளியே விட்டதும் உள்ளே எடுத்ததும் கணக்கில்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் குலைகளையும் அறிவுரைகளையும் பத்துப்பேர் பார்த்தால் மரண அறிவித்தலை ஊரே பார்க்கும். அதனால் ஊரில் எவர் கண்ணை மூடினாலும் முதல் அறிவித்தல் என் பக்கத்தில்தான் வரும். எழுதி எழுதி அந்த நடை எனக்குக் கைவந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், எனக்குத் தெரிந்த பெரிய எழுத்து அது ஒன்றுதான்.

போன வருசம் நடேசுவின் ஒரே மகள் அபிக்குக் கனடாவில் கலியாணம் சரிவந்தது. எனக்கு விசா கிடைக்கவில்லை. கலியாணம் சனிக்கிழமை. அதற்கு முந்தின திங்கட்கிழமை நடேசு போனில் சொன்னான்: “அண்ணை, மாப்பிள்ளை பகுதி உங்களை விசாரிக்குது. பக்கத்தை எடுத்துப் பாக்கச் சொன்னனான்.”

உடனே எடுத்துப் பார்த்தேன். வலைப்பூவில் ‘என்னைப் பற்றி’ என்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. பெண்ணின் பெரியப்பா யார் என்று மாப்பிள்ளை வீட்டார் அறியவேண்டாமா? புதன்கிழமை விடியற்காலை எழுதத் தொடங்கினேன். ‘நான் கெட்டிக்காரன்’ என்று நானே எழுத வெட்கமாக இருந்தது. (நம்புங்கோ.) எனவே மரியாதையாக இப்படி எழுதினேன்:

“நீர்வேலியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட பிரபல வாழைக்குலை வர்த்தகர் கந்தசாமி அவர்கள், காலஞ்சென்ற சின்னத்தம்பி தம்பதிகளின் சிரேஷ்ட புதல்வரும், பரமேஸ்வரியின் அன்புக் கணவரும், நடேசுவின் (கனடா) பாசமிகு சகோதரரும் ஆவார்.”

‘காலமானார்’ என்று நான் எழுதவில்லை. எவராவது காட்டட்டும், மீசையை எடுக்கிறேன்.

அடுத்தது படம். அடையாள அட்டைக்கு எடுத்தது ஒன்று இருந்தது. கறுப்பு வெள்ளையாக்கினால் நரை அவ்வளவு தெரியவில்லை. பூக்கள் கூடிய சட்டமாகத் தேடி அதற்குள் என்னை வைத்தேன். மங்களமாக இருக்கட்டும் என்று கீழே எரிகிற விளக்கொன்றையும் வைத்தேன். வலைப்பூவில் போட்டதோடு நிற்காமல் முகநூல் பக்கத்திலும் பகிர்ந்தேன். அந்தக் கையோடு போன் உயிரை விட்டது. அதை மின்சாரத்தில் போட்டுவிட்டு லொறியில் சந்தைக்குப் போய்விட்டேன். பரமேசு பருத்தித்துறையில் மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் வீட்டில் ஆளில்லை.

மத்தியானம் திரும்பி வந்தால், என் படலையடியில் வாடகைக் கதிரைகள் இறங்கிக்கொண்டிருந்தன.

நெஞ்சு நிறைந்துபோயிற்று. எழுதியதை வாசித்த ஊர்ச்சனம் எனக்குப் பாராட்டு விழா எடுக்கிறது என்றே நினைத்தேன். கதிரைக்காரச் சீலன் எனக்கு முதுகைக் காட்டியபடி அடுக்கிக்கொண்டிருந்தான்.

“எத்தினை கதிரை கொண்டுவந்தனீ?”

“நூறு,” என்றான் திரும்பாமலே. “காணுந்தானே?”

“காணாது. என்ரை ஆக்கள் கனபேர் வருவினம்.”

“அது வருங்கள். கனடாவிலை இருந்து தம்பியார் அழுதழுது சொன்னவர், ஒண்டிலும் குறைவிடாதை எண்டு. பாவம், மகளின்ரை கலியாணமும் நிண்டுபோச்சாம். துடக்கெல்லே. பெட்டி பின்னாலை வருகுது.”

“ஆற்றை பெட்டி?”

சீலன் திரும்பினான். கையிலிருந்த கதிரை என் காலில் விழுந்தது. அவன் கத்தவில்லை. என் பாதங்களை மட்டும் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தான், நிலத்தில் படுகின்றனவா என்று.

உள்ளே ஓடிப் போனை எடுத்தேன். என் சிரிப்பில்லாத முகத்தின் கீழே அனுதாபம் வெள்ளமாய்க் கிடந்தது. என் குலைகளை ஏறெடுத்தும் பார்க்காதவர்களெல்லாம் வரிசையில் வந்து அழுதிருந்தார்கள். வாத்தியார், “அன்னார் எழுத்துப்பிழைகளோடு வாழ்ந்தாலும் எண்ணத்தில் பிழையில்லாதவர்” என்று எழுதியிருந்தார். என் கண் கலங்கிவிட்டது. நல்ல மனிதர் போய்விட்டார் என்று நானே ஒரு நிமிடம் கவலைப்பட்டேன். பிறகுதான் சீலன் சொன்னது தலைக்குள் ஏறியது. கலியாணம் நின்றுவிட்டது.

எங்கள் வழக்கத்தில் கூடப்பிறந்தவன் செத்தால் தம்பிக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. அந்த வீட்டில் நல்ல காரியம் செய்யக்கூடாது. உயிரோடு லொறியில் போய்வந்த நான், அபியின் தாலியை அறுத்தவனாக நிற்கிறேன், கட்ட முதலே. நடேசுவுக்குப் போன் எடுத்தேன். அங்கே நடுச்சாமம். முதல் மணியிலேயே எடுத்தான்.

“நடேசு, நான் அண்ணை கதைக்கிறன்.”

“ஆர் நீ?” என்றான். “அண்ணை செத்து ஒருநாள் ஆகேல்லை. அதுக்கிடையிலை அவற்றை குரலைக் கொம்பியூட்டரிலை செய்து காசு கேக்க வெளிக்கிட்டிட்டியளோ? நீங்கள் நல்லாயிருக்கமாட்டியள்.”

வைத்துவிட்டான். அவனுடைய கூட்டாளி ஒருவர் பேரனின் குரலில் வந்த அழைப்பை நம்பிக் கொஞ்சநாளுக்கு முதல் ஏமாந்தவராம். திரும்ப எடுத்தேன், என் நம்பரை அடைத்துவிட்டான். வாழ்நாள் முழுக்க ஊரையே புளொக் பண்ணியவனை, கூடப்பிறந்தவன் புளொக் பண்ணினான்.

ஒரே வழி நேரலை. முற்றத்தில் நூறு கதிரைகளுக்கு நடுவில் இருந்து, போனை முகத்துக்கு நேரே பிடித்துச் சொன்னேன்: “நான் கந்தசாமி. நான் சாகேல்லை. எல்லாரும் வடிவாப் பாருங்கோ.”

பார்த்தார்கள். “இது ஐயா இருக்கேக்கை எடுத்த பழைய வீடியோ” என்றார் ஒருவர். “இல்லை, ஏஐ. காது சரியில்லை” என்றார் இன்னொருவர். (என் காது பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.) அந்த நேரம் பார்த்துச் செய்தி கேட்டுப் பருத்தித்துறையிலிருந்து ஓட்டோவில் வந்து இறங்கிய பரமேசு, கதிரைகளைக் கண்டதும் படலையில் நின்றபடியே “ஐயோ, என்ரை ராசா” என்று குழறத் தொடங்கினாள். அது முழுவதும் நேரலையில் போனது. “அக்கா அழுகிறா, கேக்குதோ? அப்ப செத்தது உண்மைதான்” என்று எழுதினார்கள். பரமேசு உள்ளே வந்து என்னைக் கண்டாள். ஒப்பாரி பாதி வரியில் நின்றது.

“உயிரோடை இருக்கிற மனுசனுக்கு என்னத்துக்கு இவ்வளவு கதிரை?”

அதற்குள் நேரலை அறுந்துவிட்டது. கடைசியாக வந்து விழுந்த வரி ரூபனுடையது: “பாவம் மனுசன், கடைசிவரை பெருமையடிச்சே போய்ச் சேந்தார். சித்திரகுப்தனுக்கு இனிக் குலைக்கதைதான்.”

செத்தவன் என்றும் பாராமல் எழுதுகிறான் பார். விரல் தானாகப் போயிற்று. ரூபனைப் புளொக் பண்ணினேன். காதில் பிழை பிடித்தவனைப் புளொக் பண்ணினேன். சூடு ஏறிவிட்டது. “ஆத்மா சாந்தியடையட்டும்” என்று எழுதியவர்களையெல்லாம் வரிசையாக வெட்டிக்கொண்டு போனேன்.

போன் அடித்தது. நடேசு.

“அண்ணை,” என்றான். “ரூபனைப் புளொக் பண்ணினது நீங்களோ?”

“ஓம். உவன் எழுதினதைப் பாத்தனியே? செத்தாலும் உவனை விடமாட்டன்.”

தம்பி ஓவென்று அழுதான். பின்னால் ரூபனின் சத்தம் கேட்டது: “நான் சொன்னனானெல்லே மச்சான். கொம்பியூட்டருக்கு உந்தக் கோவம் வராது. மனுசன் உயிரோடைதான் இருக்குது.” பிறகு தம்பி விக்கி விக்கிச் சொன்னான், “நிப்பாட்டாதேங்கோ அண்ணை. எல்லாரையும் புளொக் பண்ணுங்கோ.”

ஆள் சாகாவிட்டால் துடக்கு ஏது என்று ஐயர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் தகப்பன்தான் மசியவில்லை. மூத்தவரைக் கண்ணால் கண்டால்தான் தாலி என்று நின்றார். சனிக்கிழமை கனடா மண்டபத்தின் பெரிய திரையில் நான் வேட்டி சால்வையோடு, நெற்றி நிறைய விபூதியோடு தெரிந்தேன். சம்பந்தி திரைக்கு முன்னால் வந்து நின்று, மண்டபம் முழுவதும் கேட்கச் சொன்னார்:

“குறை நினையாதேங்கோ அண்ணை. என்னை ஒருக்காப் புளொக் பண்ணிக் காட்டுங்கோ.”

பண்ணினேன். அவர் தன் போனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கெட்டிமேளம் முழங்கியது. அபி மணவறையிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தபடியே கழுத்தை நீட்டினாள். அவள் கலியாணத்துக்குப் போன ஒருவரும் சாப்பாட்டைப் பற்றிக் கதைப்பதில்லை, என்னைப் பற்றித்தான். எனக்கு அதில் ஒரு சின்னப் பெருமைதான்.

வெட்டிய மற்றவர்களைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். சம்பந்தியைச் சேர்க்க மறந்து ஒரு வருசம் போய்விட்டது. அவரும் கேட்கவில்லை, நல்ல சகுனம் என்று விட்டுவிட்டாராம். ‘என்னைப் பற்றி’ இன்றுவரை வெறுமையாகவே கிடக்கிறது.

நேற்று விடியவே வழக்கம்போலப் போனில் இரண்டொருவரை வெட்டிவிட்டு, உடம்பு அலுப்பில் வெயில் ஏறும்வரை படுத்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். பரமேசு வந்து என் மூக்கடியில் கைவைத்துப் பார்க்கவில்லை, நெஞ்சைத் தொடவில்லை. குசினியில் நின்று மகளுக்குப் போன் எடுத்தாள்.

“பிள்ளை, ரூபன் மாமாவை ஒருக்காக் கேள், கொப்பர் அவரை இண்டைக்குப் புளொக் பண்ணினவரோ எண்டு.”

மகள் கேட்டுச் சொன்னாள் போல.

“பண்ணினவராமோ? அப்ப சரி,” என்றாள். தேத்தண்ணிக்குக் கேத்தில் வைக்கிற சத்தம் கேட்டது.