ராசாத்தி என்ற சேவல்

ஊர்க்காவலன் துணி துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்று கால் மணி நேரம் ஆகியிருந்தது. கீழே ராசாத்தி சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, ஒரு பக்க இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு, எறங்கு பாப்போம் என்கிற தோரணையில்.

“போம்மா... அங்கிட்டுப் போ தாயி...” என்று கெஞ்சினார்.

ராசாத்தி என்பது சேவல். அந்தக் கூத்தைப் பிறகு சொல்கிறேன். மனுஷனுக்கு ஐம்பத்தொன்பது வயது. விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் மருந்து அறையில் வேலை பார்த்தவர். கந்தகத்துக்கும் வெடியுப்புக்கும் பயப்படாதவர், ரெண்டரைக் கிலோ சேவலுக்குப் பயந்து கல்லின் மேல் நிற்கிறார். பேர் வேறு ஊர்க்காவலன்!

கேட் தடதடவென்று ஆடியது.

“சேவக்காரரே! இருக்கீகளா இல்லையா?”

எதிர்வீட்டுக் குருவம்மாள். புருஷன் போய் ஆறு வருஷமாகிறது. மகன் செல்வக்குமார் சென்னையில். இவளுக்குக் கம்பெனியில் சரம் பின்னுகிற வேலை. தினமும் காலையில் கம்பெனி வேன் வருவதற்கு முன்னால் ஒரு தரம், சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் ஒரு தரம் இங்கே வந்து சண்டை போடுவாள். தெருவில் எல்லாரும் அவரை அண்ணே, மாமா என்று முறை வைத்துக் கூப்பிட, இவள் மட்டும் சேவக்காரரே.

“இருக்கேன்... கல்லு மேல இருக்கேன்.”

“அங்கனயே இருங்க. நேத்து உங்க சேவ கொத்துன கொத்தப் பாருங்க.” கேட்டுக்கு வெளியே நின்றபடி பாதத்தைத் தூக்கிக் காட்டினாள். மஞ்சள் பத்துப் போட்டுத் துணி சுற்றியிருந்தது. “போன வாரம் எடது காலு, இந்த வாரம் வலது காலு. இனி அது கொத்துறதுக்கு எனக்குக் காலு இல்ல, சாமி. நான் எங்க போயிக் காலு வாங்க?”

“மன்னிச்சுக்கோங்க. கட்டிப் போடுறேன்.”

“இதத்தான் ஆவணி மாசத்துல இருந்து சொல்லுறீக.”

ஒருவழியாக ராசாத்தி குப்பையில் எதையோ கண்டு விலக, ஊர்க்காவலன் குதித்து அடுப்படிக்கு ஓடினார். டீ ஏற்கெனவே போட்டிருந்தது. கேட் கம்பி வழியாக டம்ளரை நீட்டினார். அவள் வாங்கிக் குடித்துக்கொண்டே திட்டினாள். டீ முடிந்த பிறகும் திட்டினாள். வேன் ஹாரன் அடித்ததும்தான் போனாள்.

அவருக்கு மனசு கனத்தது. இப்படி ஒரு பொம்பளையை நொண்ட வைத்துவிட்டோமே.

சம்சாரம் போன வருஷம் மூளைக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். மகள் பானுப்பிரியா திருப்பூரில் கட்டிக்கொடுத்த இடத்தில். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். “சாப்டீகளாப்பா? மாத்திரை போட்டீகளா? சரி, வைக்கவா?” அவ்வளவுதான். வெள்ளிக்கிழமையே இவர் என்னென்ன பேசலாம் என்று மனசுக்குள் சேர்த்து வைப்பார். ஒன்றுகூட வெளியே வராது.

அப்படி ஒரு நாள்தான் சாயக்கோழிக்குஞ்சுக்காரன் மொபெட்டில் தெருவுக்குள் வந்தான். கூடை நிறைய ரோஸும் பச்சையும் நீலமுமாய்க் கீச்கீச்சென்று சத்தம். வீட்டில் ஏதாவது ஒரு சத்தம் இருக்கட்டுமே என்று ரெண்டு வாங்கினார். ரோஸ் குஞ்சு கையை விட்டு இறங்கவே இல்லை. “பொட்டப்புள்ளதான் இப்படி அப்பனோட ஒட்டும்” என்று அதற்கு ராசாத்தி என்று பேர் வைத்தார். பச்சைக் குஞ்சு ஆளைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஓடும், கிட்டப் போனால் சீறும். முரட்டுப்பயல் என்று அதற்குப் பச்சையன்.

ராசாத்தி அவர் சட்டைப் பைக்குள் தூங்கும். செய்தி பார்க்கும்போது தோளில் உட்கார்ந்து சேர்ந்து செய்தி பார்க்கும். அவர் கக்கூஸுக்குப் போனால் வாசலில் நின்று அழும். சம்சாரம் போனதுக்கப்புறம் அவரைத் தேடி அழுத ஒரே ஜீவன் அதுதான். அன்றைக்கு அவரும் உள்ளே உட்கார்ந்துகொண்டு ஒரு பாட்டம் அழுதார்.

மூன்று மாதத்தில் சாயம் போய் இறகு மாறியது. ராசாத்தி செவலையாகவும், பச்சையன் கன்னங்கரேலென்றும் ஆனார்கள். ஐந்தாம் மாதம் ஒரு காலையில் ராசாத்தி சுவரில் ஏறி நின்று, தொண்டை கட்டின பயல் மாதிரி, கொக்...கரக்... என்றது. அடுத்த வாரம் பச்சையன் அரிசிச் சாக்குக்குப் பின்னால் முட்டை வைத்திருந்தான்.

பேரை மாற்றலாம் என்றால் ரெண்டுக்கும் பழைய பேர்தான் காதில் ஏறுகிறது.

பேரோடு போயிருந்தால் பரவாயில்லை. குணமும் தலைகீழாகிவிட்டது. சீறிக்கொண்டு திரிந்த பச்சையன் பசுவாகிவிட்டான்; கையை நீட்டினால் குனிந்து உட்காருவான், ஆனால் முட்டை உண்டு, அவன் உண்டு, பேச்சு வார்த்தை கிடையாது. மடியில் கிடந்த ராசாத்திக்குக் கொண்டை சிவக்கச் சிவக்கக் கண்ணும் சிவந்தது. முதலில் லுங்கியைக் கொத்தியது. பிறகு முழங்கால். பிறகு பாய்ந்து ரெண்டு காலாலும் உதைத்தது.

“நான் உனக்கு என்ன தாயி செஞ்சேன்?” என்று ஒரு நாள் கேட்டே விட்டார். அதற்கும் ஒரு உதை கிடைத்தது.

டீக்கடை அய்யாதுரைதான் முதல் யோசனை சொன்னார். “ரெண்டு நாளு பஞ்சாரத்தப் போட்டுக் கவுத்துங்க மாமா. கொழுப்பு எறங்கிரும்.”

கவிழ்த்தார். ராசாத்தி கூடைக்குள் இருந்து ரெண்டு நாளும் ஓயாமல் கூவியது. தெருவில் ஒருத்தர் கண்ணும் மூடவில்லை. மூன்றாம் நாள் கூடையைத் தூக்கியதும், வெளியே வந்த வேகத்தில் பால்காரரைத் துரத்திக்கொண்டு போய் முக்குவரை விட்டுவிட்டு வந்தது.

“அப்பச் சத்தங் குடுத்துப் பாருங்க” என்றார் அய்யாதுரை. “ஒரு சரத்தப் பத்த வச்சா ஊரை விட்டே ஓடிரும்.”

தீபாவளிக்குக் கம்பெனியில் கொடுத்த பெட்டி பிரிக்காமல் கிடந்தது. யாருக்காகப் பிரிக்க? அதிலிருந்து ஒரு நூறு வாலாவை எடுத்து வாசலில் வைத்துக் கொளுத்தினார். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த சேவல், கம்பெனிகளில் சோதனைக்கு வெடி போட்டுப் பார்க்கிற சத்தத்தில் தினம் மத்தியானம் தூங்குகிற சேவல், ஓடுமா? நின்று முழுச் சரத்தையும் பார்த்தது. கடைசி வெடி முடிந்ததும் அதன் மேல் பாய்ந்து நாலு கொத்துக் கொத்தியது. அன்றிலிருந்து எங்கே சத்தம் கேட்டாலும் தன்னைத்தான் சண்டைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டது.

சரத்துப் பொறி ஒன்று கொடியில் காய்ந்த குருவம்மாள் சேலையில் ஓட்டை போட்டது. அவள் அந்த ஓட்டையைக் காட்ட மட்டும் நாலு நாள் தொடர்ந்து வந்தாள்.

“கட்டிப் போடுங்கன்னுதான சொன்னேன், வெடி போடச் சொன்னேனா?”

அடுத்ததாக வேன் ஹாரன் அடித்தது. ராசாத்தி பறந்து போய் டிரைவர் பக்கத்துக் கண்ணாடிக்கு முன்னால் நின்றது. கண்ணாடிக்குள் இன்னொரு சேவல் முறைத்தது. விடுமா? கொத்தின கொத்தில் கண்ணாடி விரிசல் விட்டது. டிரைவர் பெத்தணன் சட்டென்று கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, நாளையில இருந்து வேன் தெருவுக்குள்ள வராது. ஆளுக எல்லாம் ரோட்டுக்கு வந்து ஏறட்டும்.”

பதினோரு பெண்கள் சாப்பாட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு தினம் அரைக் கிலோமீட்டர் நடந்தார்கள். நடக்கிற வழியெல்லாம் ஊர்க்காவலனை வாழ்த்தினார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிட்டது. அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பினார்கள். டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போனார்.

“அறுத்துக் குளம்பு வச்சு ஆளுக்கு ஒரு கரண்டி ஊத்துங்க, எல்லாருக்கும் கோவம் தீந்துரும்” என்றார் அய்யாதுரை. கடையில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

பைக்குள் தூங்கின பிள்ளையைக் குழம்பு வைப்பதா? ஊர்க்காவலன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

“அறுக்கக் கூடாதுப்பா. அது... அது மாரியாத்தாளுக்கு நேந்து விட்ட சேவ.”

அய்யாதுரை டீ ஆற்றுகிற கையை நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்தப் பொய் ஒரு வாரம் சோறு போட்டது. சாமிச் சேவலை யார் கம்பெடுத்து விரட்டுவார்கள்? உதை வாங்கினவர்கள் கும்பிட்டுக்கொண்டு போனார்கள். சிலர் கம்பும் சோளமும் கொண்டுவந்து தூவினார்கள். ராசாத்திக்குத் தெரு முழுக்கத் தன் ஆட்சி என்று ஆகிவிட்டது. கொழுத்துப்போய் இப்போது மாடியேறியும் உதைத்தது.

குருவம்மாள் மட்டும் கும்பிடவில்லை. கேட்டுக்கு வந்தவள் முகம் கடுகடுவென்று இருந்தது.

“சேவக்காரரே, யாரக் கேட்டு நேந்தீக?”

“சாமிக்கு நேர யாரக் கேக்கணும்?”

“நேந்தா செலுத்தணும்ல? ஆத்தா கோயில் பங்குனிப் பொங்கலுக்கு இன்னும் பன்னெண்டு நாளுதான் இருக்கு. அது தெரியுமா?”

அதுவரை அவருக்கு அது உறைக்கவே இல்லை! நாக்கில் வந்த பொய், நாள் குறித்துக்கொண்டு எதிரே நிற்கிறது.

அடுத்த நாளிலிருந்து ஆளாளுக்கு விசாரிக்க ஆரம்பித்தார்கள். “பொங்கலன்னைக்குக் கொண்டு போயிருவீகல்ல?” “நேந்ததச் செலுத்தலைன்னா தெருவுக்கே ஆகாது, மாமா.” “ஆட்டோ வேணும்னா நாஞ் சொல்லி விடுறேன், அண்ணாச்சி.” நேரவே இல்லை என்று இப்போது சொன்னால் ஆத்தா பேரில் பொய் சொன்னவன் ஆவார். சொல்லாவிட்டால் ராசாத்தி போகும்.

பன்னிரண்டு நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சேவல் போனால் வீட்டில் அவருக்கு ஆள் இல்லை. சேவல் இருந்தால் தெருவில் ஆள் இல்லை. கடைசியில் குருவம்மாள் காலை நினைத்துத்தான் மனசைக் கல்லாக்கிக்கொண்டார். பாவம், அவளாவது நிம்மதியாக நடக்கட்டும்.

பொங்கலன்று காலையில் காலைக் கட்டி, துண்டால் சுற்றி, ராசாத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்தார். அது உதைக்கவில்லை, கொத்தவில்லை. குஞ்சாய் இருந்தபோது செய்ததுபோல் அவர் சட்டைப் பைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது.

“இத நேத்தே செஞ்சிருக்கக் கூடாதா, தாயி?” என்றார். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கோயிலில் அறுக்கவில்லை, உயிரோடு விட்டார்கள். காணிக்கைச் சேவல்களை ஏலம் விட்டதில் சாத்தூர்க்காரர் ஒருத்தர் எடுத்துப் பையில் போட்டு, தலையை மட்டும் வெளியே நீட்டிவிட்டு, பைக்கில் மாட்டிக்கொண்டு போனார். அந்தத் தலை கடைசிவரை இவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தெரு ஊமையாகிவிட்டது. மறுநாளே வேன் உள்ளே வந்தது. பால்காரர் கேட்டைத் திறந்துகொண்டு தைரியமாக வந்து, பாலை ஊற்றிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். பேச என்ன இருக்கிறது? டீக்கடையில் ஒரு நாள், “நல்ல காரியம் செஞ்சீக மாமா” என்றார்கள். மறுநாள் அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பானுப்பிரியா கேட்டாள்: “சேவலக் குடுத்துட்டீகளாமே? இனிமே நிம்மதியா இருங்கப்பா. சரி, வைக்கவா?”

நிம்மதியாகத்தான் இருந்தார். கல்லில் ஏற வேண்டாம், கம்பு தூக்க வேண்டாம், யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். காலையில் ரெண்டு டம்ளர் டீ போட்டு ரெண்டையும் அவரே குடித்தார். பச்சையனிடம் பேசிப் பார்த்தார். பச்சையன் முட்டை வைக்கப் போய்விட்டான். கேட்டைத் தாழ்ப்பாள் போடாமல் திறந்தே வைத்துப் பார்த்தார். ஒரு வாரம் போனது. திறந்த கேட்டுக்குள் ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஊரில் இம்புட்டு ஜனம் இருந்தும் ஒரு மனுஷனுக்கு இப்படி ஒரு தனிமையா என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, திறந்து கிடந்த கேட்டை யாரோ படபடவென்று தட்டினார்கள். விழுந்தடித்து ஓடினார்.

குருவம்மாள் நின்றாள். ரெண்டு காலிலும் கட்டு இல்லை. முகத்தில் மட்டும் அனல் பறந்தது.

ஊர்க்காவலன் திரும்பி வாசலில் பச்சையனைத் தேடினார். “என்ன? பச்சையன் உங்க வீட்டுப் பக்கம் வந்துட்டானா?”

“வரல.”

“செடி கிடியக் கிண்டிப்புட்டானா?”

“கிண்டல.”

“வாசல்ல அசிங்கம் பண்ணிட்டானா? நான் வந்து களுவி விட்டுறேன்...”

“அது ஒண்ணும் பண்ணல.”

“அப்பறம் எதுக்கு இம்புட்டுக் கோவம்? அதான் சேவல விட்டுட்டு வந்துட்டேன்ல? உங்க காலுக்காகத்தான விட்டேன்!”

அவள் தெருவை இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, அதே கோபத்தோடு சொன்னாள்:

“அந்தச் சேவ ஒரு நாளும் என்னையக் கொத்துனதே இல்ல; ஒத்தையில இருக்கிற ஆம்பள வாசல்ல வந்து நின்னு நாலு வார்த்தை பேச எனக்கு இருந்தது அந்த ஒரே சாக்குதான், அதயும் கொண்டு போயி ஆத்தாளுக்குக் குடுத்துட்டு வந்து நிக்கீகளே, இனி நான் எதச் சொல்லிக்கிட்டு இங்க வருவேன்?”