ஏழாவது ஊசி

டப்பாவில் ஆறு ஊசிதான் இருந்தது.

ஆரோக்கியமேரி மறுபடி எண்ணினாள். பிறகு ஊசிகளை மேஜைமேல் வரிசையாகப் படுக்க வைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஆறு.

"ஏங்க, இங்க வாங்க. இத எண்ணுங்க."

ஜான்சன் வந்து எண்ணினார். "ஆறு."

"ஏழு இருக்கணும்."

ஜான்சன் ஊசிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அதிகம் பேசாத மனிதர். அவரிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, தெருமுனைக்குப் போய் டீ குடித்துத் திரும்பினால் பதில் தயாராக இருக்கும்.

"ஒண்ணு கம்மியா இருக்கு," என்றார் கடைசியில்.

வேறு வீடாக இருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் ஆரோக்கியமேரி ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஊசிப் பொறுப்பாளர். பதினெட்டு வருடமாக அதுதான் வேலை. தையல் லைனில் ஊசி உடைந்தால் மிஷினை நிறுத்த வேண்டும். உடைந்த துண்டு அத்தனையையும் தேடி எடுத்து அவளிடம் கொண்டுவர வேண்டும். அவள் பொருத்திப் பார்ப்பாள். முழு ஊசி சேர்ந்தால் ரெஜிஸ்டரில் செல்லோடேப் போட்டு ஒட்டி, எந்த லைன், எந்த மாடல் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அதற்கப்புறம்தான் புது ஊசி. துளி முனை கிடைக்காவிட்டாலும் அந்த லைனின் ஷூப் பெட்டி கேட்டைத் தாண்டாது. எந்த நாட்டிலோ எவன் காலிலோ ஆம்பூர் ஊசி குத்திவிடக் கூடாது.

டிசம்பர் ஏற்றுமதி அவசரத்தில் ஒரு நாளைக்கு முப்பது ஊசி உடையும். அவள் கை அது பாட்டுக்கு ஒட்டும், அது பாட்டுக்குக் கையெழுத்துப் போடும். கம்பெனியே அவளை 'ஊசி மேரி' என்றுதான் சொல்லும். இத்தனை வருடத்தில் ஒரு ஊசி தொலைந்ததில்லை.

இப்போது வீட்டில் தொலைந்திருக்கிறது.

வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு அவள் கையால் ஒட்டுத்துணிப் போர்வை தைத்துப் பரிசு கொடுப்பாள். ஷூவுக்கு உள்துணி வெட்டியதில் மீந்த துண்டுகளை வாங்கி வந்து, நட்சத்திரமாகவும் முக்கோணமாகவும் வெட்டி இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைப்பாள். நவம்பரில் ஏழு ஊசியோடு திறக்கும் டப்பாவை, வேலை முடிந்து ஏழோடு மூடுவாள். இந்த வருடம் மூன்று போர்வை. ஒன்று பக்கத்து வீட்டு மஹ்பூபிக்கு. ஒன்று பங்குத்தந்தைக்கு. சின்னது, சென்னையில் இருக்கும் தங்கை சௌந்தர்யாவின் மூன்று மாதக் குழந்தைக்கு. முதல் இரண்டைச் சனிக்கிழமை கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போய், கடைத்தெரு சுற்றிவிட்டு, மூன்றாவதையும் கொடுத்துவிட்டு வந்தாள். ரயிலைப் பிடிக்கும் பரபரப்பில் ஊசியை எண்ணவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம்தான் எண்ணினாள்.

"பாப்பா போர்வைக்குள்ள இருந்துச்சுன்னா?" என்றாள்.

உடனே தங்கைக்குப் போன் போட்டாள். "சௌந்தர்யா, அந்தப் போர்வைய பாப்பாவுக்குப் போத்தாத. பீரோவுல வை. கிறிஸ்துமஸ் அன்னிக்குத்தான் போத்தணும்."

"அத்தை ஞாயித்துக்கிழமையே தொட்டில்ல விரிச்சுப் பாத்துட்டாங்கக்கா."

"பரவால்ல. எடுத்து வை."

அத்தை என்றால் சௌந்தர்யாவின் மாமியார் அமிர்தவள்ளி. போர்வையை இப்படியும் அப்படியும் புரட்டிவிட்டு, "கடையில வாங்கியிருந்தா பில்லாவது இருக்கும், மாத்திக்கலாம்," என்று சொன்னவர். அதில் ஊசியும் இருந்தது என்று தெரிந்தால், சௌந்தர்யா அந்த வீட்டில் ஆயுளுக்கும் தலைநிமிர முடியாது.

"ஊசி விஷயத்த அவங்ககிட்ட சொல்லிட்டா இன்னா?" என்றார் ஜான்சன்.

"ஊசி மேரி ஊசிய விட்டுட்டான்னா? நல்லா இருக்கு. மூணு போர்வையும் நைசா திருப்பி வாங்குறேன். கம்பெனி டிடெக்டர்ல ஒரு ஓட்டு ஓட்டுனா எந்த ஊசியா இருந்தாலும் கத்திக் காட்டிக் குடுத்துடும். பத்தே நிமிஷம். ஒருத்தருக்கும் தெரியாது."

முதலில் மஹ்பூபி வீடு. கதவைத் தட்டும் வரை ஆரோக்கியமேரிக்கு என்ன சொல்வது என்று தெரியாது. திறந்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அக்கா, அந்தப் போர்வைய குடுங்க. உங்க பேர அதுல தைச்சுத் தரேன்."

"ரஜாய்ல எம் பேரா!" மஹ்பூபிக்கு முகமெல்லாம் பல். "எம் பேரு மட்டும் போட்டா அவரு மூஞ்சி தொங்கும். அவரு பேரும் போட்டுடு. எம் மவன் தௌசீப் பேரு போடு. மருமக பேர விட்டா வீடே பேஜாராய்டும், அதையும் போடு. நாலே பேருதான், ஜாஸ்தி இல்ல."

செவ்வாய்க்கிழமை கோயில். பங்குத்தந்தையின் அறையில் போர்வையைக் காணோம். அது கிறிஸ்துமஸ் குடிலில் இருந்தது. பச்சையும் பழுப்புமான துண்டுகளைப் பார்த்ததும் அவருக்கு யோசனை தோன்றி, மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் செங்கல் அடுக்கி அதன்மேல் போர்த்திவிட்டிருந்தார்.

"நீ பெத்லகேம் மலைய கேக்குற மேரி," என்றார்.

"ஒரு வாசகம் தைச்சுத் தரேன் ஃபாதர்."

"அப்படியா? வானதூதர் பாடுனத முழுசா போட்டுடு. சுருக்கிடாத."

மலையை இழுத்ததில் ஒட்டகம் இரண்டும் உருண்டன. மூன்று ராஜாக்களில் ஒருவருக்குக் கழுத்து போய்விட்டது. ஆரோக்கியமேரி பழக்க தோஷத்தில் மண்டியிட்டு ராஜாவின் துண்டுகளைத் தேடிப் பொறுக்கி, ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, எல்லாம் இருக்கிறது என்று உறுதியானதும் மறுநாள் கம்பெனிக்குக் கொண்டுபோகும் டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு லீவு போட்டிருக்க," என்று வீட்டில் ஞாபகப்படுத்தினார் ஜான்சன்.

புதன்கிழமை மறுபடி சென்னை. ரயில் முழுக்கக் கிறிஸ்துமஸ் கூட்டம். காகித நட்சத்திரத்தை மடியில் வைத்தவர்கள், கேக் டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தவர்கள். ஜான்சன் சமாதானத்துக்காக இரண்டு பார்சல் பிரியாணி எடுத்து வந்திருந்தார்.

"இன்னாம்மா மேரி," என்றார் அமிர்தவள்ளி, "ஞாயித்துக்கிழமைதானே வந்துட்டுப் போன. எதையாவது விட்டுட்டுப் போய்ட்டியா?"

"ஆமாங்கத்தை. போர்வையில பாப்பா பேர தைக்க விட்டுட்டேன்."

ஞானஸ்நானம் ஆகாத குழந்தை அது. மூன்று மாதமாக எல்லாரும் அதைப் பாப்பா என்றே கூப்பிட்டு, ஒரு பெரிய சண்டையைப் பக்குவமாகத் தூங்க வைத்திருந்தார்கள்.

"லூர்துமேரின்னு தை. எங்கம்மா பேரு," என்றார் அமிர்தவள்ளி.

"தமிழினி," என்றாள் சௌந்தர்யா, மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி.

அரை மணி நேரத்தில் மாமியார் மகனோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். சௌந்தர்யா சமையலறையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிரியாணியை ஜான்சன் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது ஆரோக்கியமேரியின் பையில் போர்வையோடு இரண்டு சீட்டுகள் இருந்தன. இரண்டிலும் வேறு வேறு பெயர், ஒரே மாதிரி அடிக்கோடு.

"பேஜாராய்டுச்சு," என்றார் ஜான்சன், ரயில் அரக்கோணம் தாண்டும்போது.

"ஊசி கெடைக்கட்டும். மீதிய பத்து நிமிஷத்துல சரி பண்றேன்."

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மூன்று போர்வையோடு பேக்கிங் பிரிவுக்குப் போனாள். டிடெக்டரை இயக்கும் தன்சீல் அகமது அவளைவிட இரண்டு வருடம் சீனியர். கேள்வி கேட்காதவர். முதலில் இரும்புத் துகள் பதித்த சோதனை அட்டையை பெல்ட்டில் விட்டார். இயந்திரம் அலறியது.

"மிஷின் நல்லா இருக்கு மேரிம்மா. வைங்க."

மஹ்பூபியின் ரஜாய் போனது. சத்தமில்லை. பெத்லகேம் மலை போனது. சத்தமில்லை. பாப்பா போர்வை போனபோது ஆரோக்கியமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். இயந்திரம் வாய் திறக்கவில்லை. திருப்பிப் போட்டு ஓட்டினார்கள். மடித்துப் போட்டு ஓட்டினார்கள்.

"கிளீன். ஊசி முனைகூட இல்ல," என்றார் தன்சீல் பாய் சந்தோஷமாக.

ஆரோக்கியமேரி அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். "போர்வையில இல்லன்னா, ஞாயித்துக்கிழமை விரிச்சாங்களே, தொட்டில்ல விழுந்திருக்கு பாய். பாப்பா நாலு நாளா அதுலதான் படுத்திருக்கு."

இதற்குமேல் மறைக்க முடியாது. போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். சௌந்தர்யாவின் அலறலுக்குப் பின்னால் அமிர்தவள்ளியின் குரல் எழுந்தது.

"ஊசின்னா சொன்னா? பேரு தைக்கிறேன்னு வந்தது இதுக்குத்தானா? எங்க வீட்ட ரெண்டாக்கிட்டுப் போனாளே!"

பிறகு துணி கிழிபடும் சத்தம் கேட்டது. நீண்ட நேரம் கேட்டது.

"தொட்டில் மெத்தைய கிழிச்சாச்சுக்கா. எலவம்பஞ்சு வீடு பூரா பறக்குது. ஊசி இல்ல."

"பாப்பா?"

"பஞ்ச பாத்து சிரிக்குது."

"சிரிக்குதுன்னா குத்தல."

"முழுங்கியிருந்தா? அத்தை எக்ஸ்ரே எடுக்கணும்னு ஆட்டோ கூப்டுட்டாங்க!"

ஆரோக்கியமேரி எழுந்து நின்றாள். பயமெல்லாம் போய், லைனில் ஊசி உடைந்தால் வரும் அந்த நிதானம் வந்துவிட்டது.

"யாரும் எங்கயும் போவாதீங்க. பாப்பாவ தூக்கி இடுப்புல வெச்சுக்கோ, கீழ விடாத. கையில புடிக்கிற டிடெக்டர் கொண்டாரேன். பாப்பா, தொட்டிலு, பஞ்சு, வீடு, எல்லாத்தையும் தடவுனா பத்தே நிமிஷம். பாய், அந்தக் கை டிடெக்டர எடுங்க."

"எடுத்துக்கோங்க. ஆனா ரெஜிஸ்டர்ல எழுதாம குண்டூசிகூட வெளிய போகக் கூடாதுன்னு ரூல் போட்டது நீங்கதான்."

"எழுதுங்க பாய், சீக்கிரம். நான் கையெழுத்துப் போடறேன்."

தன்சீல் பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரெஜிஸ்டரைத் திறந்தார். அது ஊசி ரெஜிஸ்டர்தான்; கருவிகள் வெளியே போகும் கணக்கு அதன் கடைசிப் பக்கங்களில். டேப் ஒட்டிய ஊசிகளாய் நிறைந்த பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனவர், ஒரு பக்கத்தில் நின்றார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இன்னா பாய்? ரயிலுக்கு நேரமாவுது."

ஜான்சன்கூட ஒரு பதிலுக்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. போன் இன்னும் ஸ்பீக்கரில்தான் இருந்தது.

"மேரிம்மா," என்றார் தன்சீல் பாய், விரலை அந்தப் பக்கத்திலிருந்து எடுக்காமலே. "டிசம்பர் ஆறாந்தேதி, கை ஊசி ஒண்ணு, ரெண்டு துண்டு, முழுசா ஒட்டியிருக்கு. லைன் நம்பர்ல 'எங்க வீடு'ன்னும் மாடல் நம்பர்ல 'பாப்பா போர்வை'ன்னும் எழுதி, கீழ நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."