சாமிக்கு ஒரு நடுங்காத வண்டி

சாமியை ஏற்றுவதற்கு முன் ஒரு சிமெண்ட் மூட்டையை ஏற்றிப் பார்க்கலாம் என்றாள் எர்மெலிந்தா. எடை ஏறத்தாழ ஒன்றுதான்.

அவள் கணவன் லிபோரியோ மூட்டையைத் தன் டாக்சியின் கூரையில் வைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டான். வண்டி நின்ற இடத்திலேயே நடுங்கியது. மூட்டை மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. விளிம்பில் சற்று யோசித்தது. விழுந்தது.

"சாமியா இருந்தா இந்நேரம் தலை தனியாப் போயிருக்கும்" என்றாள்.

"கயிறு கட்டலையே."

"கட்டியிருந்தா வண்டியும் சேர்ந்து விழுந்திருக்கும், ராஜா."

வரும் ஞாயிறு சான் கிறிஸ்தோபல் திருநாள். வண்டி ஓட்டுகிறவர்களின் சாமி அவர். தோளில் குழந்தை ஏசு, கையில் தடி. அன்று ஊர் வண்டிகள் எல்லாம் அவருக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர்வலம் போகும். சாமி போவது பஸ் நிலைய டாக்சிகளில் ஒன்றின் கூரையில். ஊருக்குத் திருப்தி என்றால், சாமியைச் சுமந்தவனையே அன்று மாலை ஸ்டாண்டுக்குத் தலைவனாகக் கைதூக்கித் தேர்ந்தெடுப்பார்கள். தலைவனின் வண்டிக்கு மாமரத்தடியில் முதல் இடம். மற்ற வண்டிகளுக்கு வெயில்.

பராகுவாயில் இப்போது ஜூலைக் குளிர்; ஆனால் ஜனவரி வெயில் எப்படி என்று லிபோரியோவின் முதுகுக்குத் தெரியும். ஸ்டியரிங்கைத் துணி சுற்றித்தான் பிடிப்பான். ஊர்வலத்திலும் அவனுக்குக் கடைசி இடம்தான். இத்தனை வருடங்களில் அவன் பார்த்தது முன்னால் போகிறவனின் புகையை மட்டும்.

இந்த ஆண்டு பாதிரியார் சீட்டு எடுத்தார். அவன் பெயர் வந்தது.

"அந்த நிழல் எனக்கு வேணும்" என்றான் எர்மெலிந்தாவிடம். வேறு எதையும் அவன் அப்படிக் கேட்டதில்லை. அவளைக்கூட.

மெக்கானிக் எவாரிஸ்தோ பானெட்டைத் திறந்து காது கொடுத்தான்.

"கரி" என்றான்.

"நல்ல பெட்ரோல்தான் போடறேன்."

"பாலே ஊத்தினாலும் ஒண்ணுதான் மச்சான். பழைய வண்டில பெட்ரோல் வால்வு மேல பட்டு, அதைக் கழுவிக்கிட்டே போகும். இது நேரா சிலிண்டருக்குள்ள பீய்ச்சற எஞ்சின். வால்வுக்குக் கிடைக்கறது எண்ணெய்ப் புகை மட்டும்தான். அடுப்புல மறந்த சட்டி எப்படி இருக்கும்? உன் வால்வு அப்படி இருக்கு. இதுல நீ வேற ஸ்டாண்டுல நாள் பூரா எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரைப் போட்டுத் தூங்கறே."

"குளிருது."

"கரிக்கு இதமா இருக்கு. வண்டியை விட்டுட்டுப் போ. மேல்பாகத்தைக் கழட்டி, வால்நட் கொட்டையோட ஓட்டைப் பொடிச்சு, காத்தோட சேர்த்து வால்வு மேல அடிக்கணும்."

பட்டறைக்கு எதிர்வீடு கிறிஸ்பினின் தங்கை வீடு. கிறிஸ்பின்தான் இப்போதைய தலைவன். மூன்று ஆண்டுகளாக சாமியைச் சுமந்தவன். லிபோரியோவின் வண்டி பட்டறையில் படுத்திருக்கிறது என்று தெரிந்தால், சாயங்காலத்துக்குள் சாமி கை மாறிவிடுவார்.

"அப்புறம் வரேன்" என்றான் லிபோரியோ.

கடையில் ஒரு பாட்டில் விற்றார்கள். எஞ்சினைப் புதிதாக்கும் என்று அதில் எழுதியிருந்தது. பெட்ரோல் டேங்கில் பாதி ஊற்றச் சொன்னது. அவன் முழுவதையும் ஊற்றினான். வால்வுக்கு அது போய்ச் சேரவில்லை. டேங்கின் அடியில் காலங்காலமாக உறங்கிய அழுக்கை எழுப்பி, ஃபில்டருக்கு அனுப்பிவைத்தது. வண்டி இப்போது ஒவ்வொரு முக்கிலும் நின்றது.

"முன்னாடி நடுங்கிச்சு" என்றாள் எர்மெலிந்தா. "இப்ப நடுங்கிட்டுச் சாகுது."

ஸ்டாண்டில் கிறிஸ்பின் ஜன்னல் அருகே குனிந்தான். அவனுடைய டீசல் வண்டி தள்ளிநின்று, தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியதுபோல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"என்ன தம்பி, வண்டிக்குக் காய்ச்சலா?"

"எண்ணெய் மாத்தினேன். பழகிட்டிருக்கு."

"பழகட்டும். முடியலன்னா சொல்லு. சாமிக்கு என் வண்டி பழக்கம்தான்."

அன்று மதியம் வானொலியில் ஒருவர், கியரைக் குறைத்து எஞ்சினைக் கதறவிட்டால் கரி எரிந்துபோகும் என்றார். லிபோரியோ மலைச்சாலைக்குப் போனான். எர்மெலிந்தா பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"சாமிகிட்ட நேராவே போறோமா?"

"கரி எரியுது. பின்னால பாரு."

பின்னால் வந்த பஸ் பட்டப்பகலில் விளக்கைப் போட்டிருந்தது.

கொஞ்சம் கரி உதிரத்தான் செய்தது. உதிர்ந்ததில் ஒரு துண்டு, ஒரு வால்வை மூடவிடாமல் குறுக்கே உட்கார்ந்துகொண்டது. திரும்பும்போது எஞ்சின் நொண்டியது.

"நாலு சிலிண்டர்ல ஒண்ணு வேலை செய்யல" என்றான்.

"மூணு செய்யுதா? நம்ம நகராட்சிக்கு இது எவ்வளவோ தேவலை."

அடுத்து நீராவி. காற்றுக் குழாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைத் தெளித்தால் ஆவி கரியைப் பெயர்க்குமாம். இதுவும் வானொலிதான். ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மூலிகை விற்கும் தொமாசாவிடம் ஒரு குவளை தண்ணீர் கேட்டான். எதற்கென்று கேட்டாள். சொன்னான்.

"வெறும் தண்ணியா?" தொமாசாவுக்கு அவமானமாக இருந்தது. அந்த ஊரில் வெறும் தண்ணீரை யாரும் மருந்து என்று சொல்வதில்லை. உரலில் குதிரைவால் புல்லையும் புதினாவையும் போட்டு இடித்தாள். "கல்லீரல்ல படிஞ்சதைக் கரைக்கறது வால்வுல படிஞ்சதைக் கரைக்காதா? என் புருஷனுக்குக் குடுத்தேன். சிறுநீரகக் கல்லு கரைஞ்சு போச்சு."

"அவர் செத்துட்டாரேக்கா."

"கல்லால சாகல."

லிபோரியோ யோசித்தான். அவள் கொடுத்த கஷாயத்தால் அவனுடைய வயிறு ஒருமுறை சரியாகியிருக்கிறது. வடிகட்டச் சொன்னாள். அவசரத்தில் வடிகட்டாமலே காற்றுக் குழாய்க்குள் ஊற்றினான்.

எஞ்சின் இருமியது. தும்மியது. புகைக்குழாயிலிருந்து புதினா வாசனை வந்தது. பிறகு எதுவும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை தார்ப்பாயால் மூடி, வைக்கோல் என்று சொல்லி, ஒரு லாரிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போனார்கள். எவாரிஸ்தோ மேல்பாகத்தைக் கழற்றி, இரண்டு விரலால் ஓர் இலையை எடுத்துப் பார்த்தான்.

"எப்பலேருந்து உன் வண்டி நம்மளாட்டம் மாத்தே கஷாயம் குடிக்குது?"

"சரி பண்ண முடியுமா, முடியாதா?"

"ஞாயித்துக்கிழமைக்கா? முடியும். என்ன தருவே?"

எர்மெலிந்தாவின் டிவி பட்டறைக்கு இடம் பெயர்ந்தது.

வால்நட் ஓடு கிடைக்கவில்லை. எவாரிஸ்தோ உள்ளூர் முள்ளுப்பனைக் கொட்டையின் ஓட்டை இடித்துச் சலித்தான். வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிய நிலையில் நிறுத்தி, பொடியைக் காற்றோடு பாய்ச்சினான். கரி செதில் செதிலாக வந்தது. அடியில் உலோகம் பளபளத்தது. டேங்கைக் கழுவினான், ஃபில்டரை மாற்றினான், எண்ணெய்ப் புகையைப் பிடித்துவைக்க ஒரு டப்பாவும் பொருத்தினான்.

"இனிமே எண்ணெயை நேரத்துக்கு மாத்து. டப்பாவைக் காலி பண்ணு. நின்னா எஞ்சினை அணை. குளிர்ந்தா ஸ்வெட்டர் போடு."

சனிக்கிழமை சிமெண்ட் மூட்டை மறுபடியும் ஏறியது. அதன்மேல் எர்மெலிந்தா ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்தாள். எஞ்சின் ஓடியது. தண்ணீரில் ஒரு வளையம்கூட இல்லை.

"சாமி பேரால என் டிவி போச்சு" என்றாள். "நிழல் வரலன்னா அடுத்தது நீதான்."

ஞாயிறன்று சாமி ஏறினார். பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். ஹாரன்கள் முழங்க ஊர்வலம் புறப்பட்டது.

அப்படி ஓர் ஓட்டத்தை லிபோரியோ கண்டதில்லை. எஞ்சின் அணைந்துவிட்டதோ என்று நடுவில் சாவியைத் தொட்டுப் பார்த்தான். கூரையில் சான் கிறிஸ்தோபல் ஆணியடித்ததுபோல் நின்றார். கண்ணாடியில் பின்னால் கிறிஸ்பினின் டீசல் வண்டி குலுங்கிக் குலுங்கி வந்தது. லிபோரியோ அவனுக்காக இரக்கப்பட்டான். அந்த இரக்கம் இனித்தது.

தெருவோரத்து மக்கள் கையை உயர்த்திக் காத்து நின்றார்கள். வண்டி கடந்ததும் கையை இறக்கினார்கள். அண்ணாந்து பார்த்தபடி கூடவே ஓடிவந்த பிள்ளைகள், கொஞ்ச தூரத்தில் அலுத்து நின்றுவிட்டார்கள்.

"மூச்சுகூட விடாம பாக்கறாங்க" என்றான்.

"பாக்கறாங்க" என்றாள் எர்மெலிந்தா. அவள் முகம் சரியாக இல்லை.

மாலை மாமரத்தடியில் கூடினார்கள். லிபோரியோவுக்கு யார் என்று கேட்டார் பாதிரியார். ஒரே ஒரு கை உயர்ந்தது. அது எர்மெலிந்தாவின் கை. அவள் டாக்சி ஓட்டுகிறவள் இல்லை. கிறிஸ்பினுக்கு யார் என்றபோது, காய்கறி விற்கிறவர்கள்கூடக் கை தூக்கினார்கள்.

லிபோரியோ எழுந்தான்.

"என்ன குறை கண்டீங்க? கோயில்லேருந்து கோயில் வரைக்கும் கூரை மேல சாமி ஒரு மயிரிழையாவது அசைஞ்சாரா? யாராவது சொல்லுங்க."

தொமாசாதான் வருத்தத்தோடு சொன்னாள்.

"அதுதான் தம்பி குறை. கிறிஸ்பின் வண்டி நடுங்கற நடுக்கத்துல, தோள்மேல இருக்கற குழந்தை ஏசு தெரு முழுக்க எங்களுக்குக் கையாட்டிக்கிட்டே வருவாரு. உன் வண்டில எங்களை ஏறெடுத்துக்கூடப் பாக்கல."