ஜீப்பின் வயிற்றுத் தகடும் முள்ளியவளைச் சம்பந்தமும்

தர்மபுரம்,
14.11.1962

கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் அன்பு மருமகன் யோகலிங்கத்திற்கு, மாமன் இளையதம்பி எழுதிக்கொள்வது. வற்றாப்பளை அம்மன் புண்ணியத்தில் நானும் மாமி கமலாசனியும் எருமைகள் பதினொன்றும் சுகம். உமது ஜீப்பின் சுகத்தை இந்த வரிக்குள் அடக்க முடியாது. அதற்குக் கொஞ்சம் கூடக் கடதாசி வேண்டும்.

உமது தபாலட்டை கிடைத்தது. "நடராசர் ஏன் பதில் போடவில்லை? பெண் பார்க்கப் போன இடத்தில் என்ன நடந்தது? ஜீப் எங்கே?" என்று மூன்றே வரி. பொலிஸ்காரன்கூட ஆளைப் பிடித்தால் முதலில் பெயரைக் கேட்பான். உமக்காக இடுப்பளவு சேற்றில் நின்ற மனிசன் நான். "மாமா சுகமோ" என்று நாலாவது வரி எழுத அட்டையில் இடமில்லாமலா போயிற்று?

சரி, முதலில் இருந்தே சொல்கிறேன். ஆவணியில் ஜீப்பை எங்கள் கொட்டிலில் விட்டுப் போகும்போது, "மாமா, இது ஆமி ஏலத்தில எடுத்தது. எஞ்சினுக்குக் கீழ இருக்கிற தகட்டையும் முன்னுக்கு இருக்கிற ரெண்டு கொளுக்கியையும் தொடாதேங்கோ, காட்டுக்குள்ள அதுதான் வண்டிக்கு உயிர்" என்று நீர் சொன்னது உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் கொட்டிலுக்குள் காடு ஏது? நின்ற இடத்தில் நிற்கும் வண்டியின் வயிற்றில் எந்தக் கட்டை வந்து இடிக்கப்போகிறது? ஐப்பசி முதல் மழையோடு, சேற்று வயலை மட்டமடிக்கிற என் பலகை இரண்டாகப் பிளந்துவிட்டது. தச்சனை நம்பினால் தை பிறந்துவிடும். ஜீப்புக்குக் கீழே படுத்துப் பார்த்தேன். நல்ல தடித்த தகடு, முன்பக்கம் சற்று வளைவு, நாலு மூலையிலும் கயிறு கட்டவென்றே கடவுள் போட்ட நாலு துளை. கழற்றி எருமைச் சோடிக்குப் பின்னால் கட்டினேன். மூன்று ஏக்கர் வயல், ஒரே பகலில் முகம் பார்க்கிற கண்ணாடி. குடியேற்றத்து ஆட்கள் முழுப்பேரும் வரம்பில் நின்று பார்த்தார்கள். குளத்து என்ஜினியர் ஐயா தொப்பியைக் கழற்றினார். தலை சொறியக் கழற்றினார் என்று மாமி சொல்வாள், நம்பவேண்டாம். கொளுக்கியில் ஒன்று கிணற்றுக் கப்பிக்குப் போனது, மற்றதில் குசினியில் தயிர்ச்சட்டி உறி தொங்குகிறது. இப்போது பூனைக்கு எட்டாது.

இனிப் பெண்ணின் தகப்பன் நடராசருடைய கதைக்கு வருவோம். அந்த மனிசனுக்கு உமது படிப்பும் வேண்டாம், உத்தியோகமும் வேண்டாம். ஒரே கேள்வி. மூத்த மகளைக் காட்டோரத்து ஊரில் கட்டிக் கொடுத்து, மாரி வெள்ளத்தில் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரி போக வழியில்லாமல் அவள் இரண்டு நாள் மாட்டுவண்டிலில் கிடந்து மயிரிழையில் தப்பியவள். ஆகையால் "மாப்பிள்ளை கொழும்பில நிக்க, தர்மபுரத்தில குடியிருந்தால், மாரியில என்ர இளையவள் நேசமலரை வெளியில கொண்டுவர வழியிருக்கோ?" என்றுதான் கேட்டார். நான் விடுவேனா? எங்கள் மாப்பிள்ளையின் ஜீப் இரணைமடுக் குளத்தையே நீந்திக் கடக்கும் என்றேன். "அப்ப மழைக்குள்ள ஒருக்கா அதில வாங்கோ, பாப்பம்" என்றார். உமது கலியாணம் இந்த ஒரு பயணத்தில்தான் தங்கியிருந்தது, அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே வாசியும்.

போன புதன்கிழமை நல்ல நாள், நல்ல மழை. ஓட்டுவதற்கு முல்லைத்தீவு மஹ்றூப்பைக் கூப்பிட்டேன். லொறி ஓட்டிப் பழுத்த கை, ஆனால் வாய் சும்மா இராது. ஏறமுன் குனிந்து கீழே பார்த்தான்.

"அண்ணை, வயித்தில ஒரு தகடு இருந்ததே, எங்க?"

"அது சும்மா வடிவுக்குப் போட்டது."

"முன்னுக்கு ரெண்டு கொளுக்கி?"

"அது ஆமிக்காரன் தொப்பி கொளுவ."

"அப்ப நாங்கள் பெரிய றோட்டால போவம்" என்றான். பெரிய றோட்டால் போவதற்கு பஸ் இருக்கிறதே, ஜீப் எதற்கு? காட்டுப்பாதையால் விடச் சொன்னேன். நடராசரின் ஊரான முள்ளியவளைக்கு இன்னும் இரண்டு கட்டை தூரம் இருக்கையில், வெள்ளத்துக்குள் மறைந்து கிடந்த ஒரு பாலைமரக் குற்றி கீழே டங்கென்று இடித்தது. ஆனை முட்டினால்கூட அந்தச் சத்தம் வராது. தண்ணீரின்மேல் கறுப்பு எஞ்சின் ஒயில் மிதந்து வந்தது. சில்லு நாலும் புதைந்து, ஜீப் வயிறு நிலத்தில் முட்ட உட்கார்ந்துவிட்டது. "வடிவு போச்சுது அண்ணை" என்றான் மஹ்றூப். பின்னால் இருந்த மாமி வெற்றிலைத் தட்டத்தைத் தலையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதமாட்டேன்.

மஹ்றூப் பக்கத்து வயலில் இருந்து ஒரு எருமைச் சோடியைக் கொண்டுவந்தான். சங்கிலியை எங்கே கட்டுவது? கொளுக்கி இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை. "கீழ பூந்து சட்டத்தில கட்டுறன், கொஞ்சம் பொறுங்கோ" என்றான். நேரம் போகிறது, பெண் வீட்டில் பலகாரம் ஆறுகிறது. எதிரே ஆனைத் தந்தம் மாதிரி பம்பர் நிற்கிறது. நானே கட்டினேன். எருமைகள் ஒரு இழுவை இழுத்தன. ஜீப் அசையவில்லை. பம்பர் முழுதாகக் கழன்று, நம்பர் தகட்டையும் தூக்கிக்கொண்டு, எருமைகளின் பின்னால் காட்டுக்குள் ஓடியது.

அதோடு விட்டதா? அந்தச் சோடி நடராசருடையதாம். வீட்டை நினைத்து ஓடிய எருமைகள் நேராக அவருடைய முற்றத்துக்குள் புகுந்து, பந்தல் காலை முறித்து, நாங்கள் இருக்கவென்று போட்ட வாங்கைப் பிரட்டிவிட்டு நின்றிருக்கின்றன. மாப்பிள்ளை வீட்டாரை எதிர்பார்த்துக் குத்துவிளக்கோடு நின்ற சனத்துக்கு முதலில் வந்து சேர்ந்தது உமது நம்பர் தகடு. அரைமணித்தியாலம் கழித்து, சேறு பூசிய நானும் மாமியும் மஹ்றூப்பும் நடந்து போனோம்.

"வண்டி எங்க?" என்றார் நடராசர்.

"பின்னால வருது."

"முன்பக்கம் வந்திட்டுது, மிச்சம் எப்ப வரும்?"

சிரித்தால் பகிடி என்று எடுக்கலாம். மனிசன் சிரிக்கவில்லை. மஹ்றூப் வாயை வைத்துக்கொண்டிராமல் தகடு இல்லாத கதையைச் சொன்னான். தேத்தண்ணி கொண்டுவந்த நேசமலர், "தகட்டை ஆர் கழட்டினது மாமா?" என்று தணிந்த குரலில் கேட்டாள். அந்தப் பிள்ளை தகப்பனின் உழவு மெசினைத் தானே கழற்றிப் பூட்டுகிறவளாம். அவ்வளவு பேருக்கு முன்னால் நான் ஏதோ ஒரு சின்னப் பதில் சொன்னேன். எழுதுமளவுக்கு அது பெரிதில்லை. அதைக் கேட்டதும் நடராசர் பலகாரத் தட்டை உள்ளே கொண்டுபோய்விட்டார். நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். ஜீப் காட்டில்.

ஆகவே மருமகன், அந்தச் சம்பந்தத்தை மறந்துவிடும். ஒரு தகட்டுக்கும் இரண்டு கொளுக்கிக்கும் மூஞ்சியை நீட்டுகிற குடும்பம் எங்களுக்கு ஒத்துவராது. நீர் அவர்களுக்கு ஒரு எழுத்தும் எழுதவேண்டாம், முக்கியமாகத் தகட்டைப் பற்றி. வேறு நல்ல இடம் நான் பார்க்கிறேன். சளி பிடிக்காமல் தலையைத் துவட்டும், வேளைக்குச் சாப்பிடும், அம்மன் உம்மைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள்.

இப்படிக்கு,
உமது நன்மையே நினைக்கும் மாமன்,
க. இளையதம்பி

பி.கு.: மழையால் இதைத் தபாலில் போடப் பிந்திவிட்டது. இன்று காலை நடராசரும் நேசமலரும் உழவு மெசினில் வந்தார்கள். பின்னால் சங்கிலியில் உமது ஜீப். மஹ்றூப்போடு சேர்ந்து அந்தப் பிள்ளையே சேற்றுக்குள் படுத்துச் சட்டத்தில் சங்கிலி பூட்டி இழுத்தெடுத்ததாம். வந்த வழி என் வயல் வரம்பு. அந்த நேரம் பார்த்து நான் எருமைகளுக்குப் பின்னால் தகட்டில் ஏறி நிற்கிறேன். நேசமலர் மெசினை நிறுத்தினாள். "மாமா, உங்கட மருமகன் கழட்டிக் கொழும்புக்குக் கொண்டுபோன தகடு எப்ப திரும்பி வந்தது?" என்றாள். நான் அன்றைக்குச் சொன்ன சின்னப் பதில் அதுதான். மாமி ஒருவரும் கேளாமலே இரண்டு கொளுக்கியையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். "அப்ப கழட்டினது மாப்பிள்ளை இல்லை" என்று நடராசர் முதல்முறையாகச் சிரித்தார். தையில் நாள் பார்க்கச் சொல்லிவிட்டார். ஜீப்பை முடுக்குகிற திறப்பை என்னிடம் கேட்கவேண்டாம், நேசமலர் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நீர் வரும்போது மட்டமடிக்க நல்ல முதிரைப் பலகை ஒன்று கொண்டுவாரும். உண்மையைச் சொன்னால், மூன்று ஏக்கரில் இரண்டு இன்னும் மட்டமாகவில்லை. தயிரைப் பூனை குடித்துவிட்டது.