காரைப் படுத்துப் பார்த்த தலையணை அண்ணன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். பேப்பரை எடுப்பேன், மேலே 'முருகன் துணை' என்று எழுதுவேன், அதோடு மடித்து வைத்துவிடுவேன். சாமி சம்பந்தப்பட்ட ஒரு சங்கதி இதில் வருகிறது. நான் படித்தது எட்டாவது. எதையாவது ஏடாகூடமாக எழுதி அபசாரம் ஆகிவிடுமோ என்று பயம். போன தைப்பூசத்தன்று என் வீட்டுக்காரிதான் அடித்துச் சொன்னாள்: "நல்ல மனுஷங்களப் பத்தித் தெரிஞ்சும் சொல்லாம வெச்சிருக்கறதுதாங்க பாவம். எழுதிப் போடுங்க." சரி, எழுதுகிறேன்.

பெங்களூரில் கார் வாங்கினவர்கள் எத்தனையோ லட்சம் பேர். ஓட்டிப் பார்த்து வாங்கினவர்கள், மெக்கானிக்கைக் கூட்டிப்போய்க் காட்டி வாங்கினவர்கள், ஜாதகத்தில் வாகன யோகம் பார்த்து வாங்கினவர்கள்கூட உண்டு. ஆனால் இந்த ஈரேழு பதினாலு லோகத்திலும் காரைப் படுத்துப் பார்த்து வாங்கினவர் எங்கள் தலையணை அண்ணன் ஒருவர்தான்.

ஹெப்பகோடியில் எனக்குப் பக்கத்து வீடு. பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் பாய்லர் பார்த்தார். எனக்கு ஸ்டாஃப் வேன் ஓட்டுகிற வேலை. அவருக்குச் சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டத் தெரியாது. அப்படிப்பட்டவர் ஒருநாள் என்னிடம் வந்து, "தம்பி, பெரிய காரு ஒண்ணு வாங்கணும். நீளமா இருக்கணும். பழசுன்னா பரவால்ல" என்றபோது, வெயிலில் வந்திருக்கிறார் என்று நினைத்து மோர் கொண்டுவரச் சொன்னேன்.

விஷயம் வேறு. அண்ணி பாத்ரூமில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடி. ஆபரேஷனுக்கு அப்புறம் வீட்டுக்குள் மெதுவாக நடப்பார். ஆனால் உட்கார்ந்து தூரம் போகக்கூடாது, குலுக்கல் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நம் ஊர் ரோட்டில் குலுங்காமல் போவதென்றால் பறந்துதான் போகவேண்டும். ஒரே மகளைச் சேலத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாசம், வளைகாப்பு வைத்திருந்தார்கள். முதல் வளையல் பெற்ற தாய் கையால் போடவேண்டும் என்று அண்ணிக்கு உயிராய் ஆசை.

முதலில் ஒரு வாடகைக் காரில் சோதனைக்குக் கிளம்பினார்கள். அத்திப்பள்ளி போவதற்குள் அண்ணி வலி தாங்காமல் அழ, திரும்பி வந்துவிட்டார்கள். நான் புத்திசாலித்தனமாக ஒரு யோசனை சொன்னேன். "ஆம்புலன்ஸ்ல போயிடலாம் அண்ணி. படுத்துக்கிட்டே போலாம்."

அண்ணி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "ஏந்தம்பி, வளகாப்பு வீட்டு வாசல்ல ஆம்புலன்ஸ்ல போயி எறங்கறதா? மாசமா இருக்கற பொண்ணு பயந்துக்க மாட்டாளா? சம்பந்தி வூட்ல என்னா பேசுவாங்க?"

அப்போதுதான் பாய்லர் ரூமில் யாரோ அண்ணன் காதில் ஓதியிருக்கிறார்கள். பெரிய பெரிய முதலாளிகள் வைத்திருக்கிற நீளக் கார்கள் கப்பல் மாதிரி போகும். அவர்கள் சலித்து விற்று நாலு கை மாறிவிட்டால், புதுசாக ஒரு சின்னக் கார் விலைக்கே இறங்கி வந்துவிடும் என்று. தெருவே கூடிப் புத்தி சொன்னது. "அண்ணா, அது யானையக் கட்டித் தீனி போடற கதை."

"யானை எனக்கு எதுக்குப்பா? மேல இருக்கற அம்பாரிதான் வேணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாங்கள் இருவரும் பழைய கார் விற்கிற இடங்களுக்குக் கிளம்பிவிடுவோம். பைக்கில் பின்னால் அண்ணன், அவர் மடியில் அண்ணியின் தலையணை. கடைக்காரர் ஓடிவந்து, சார் மைலேஜ், சார் ஒரே ஓனர், சார் பாட்டுப் பெட்டியைப் பாருங்கள் என்று வரிசையாகச் சொல்வார். அண்ணன் எதையும் கேட்கமாட்டார். பின்கதவைத் திறப்பார். செருப்பைக் கழற்றிக் கீழே ஜோடியாக வைப்பார். தலையணையைப் போட்டு, முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, "ம், ஓட்டுங்க" என்பார்.

ஒரு கடையில் கன்னடக்கார முதலாளி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "ஏன் ஸ்வாமி, மல்கொளக் பந்தித்தீரா?" என்றார். தூங்கவா வந்தீர்கள் என்று கேட்கிறார். அண்ணன் படுத்தபடியே, "ஹௌது சார், ஸ்வல்ப மெதுவா ஓட்டுங்க" என்று அவர் பாஷையில் பாதி, நம் பாஷையில் பாதியாகப் பதில் சொன்னார்.

இன்னொரு இடத்தில் ஒரு பாய், வண்டியின் பெருமையைக் காட்ட எலக்ட்ரானிக் சிட்டியை முழுக்கச் சுற்றினார். திரும்பிப் பார்த்தால் அண்ணன் குறட்டை. பாய் பதறிப்போய், "அரே, என்னா ஆச்சுப்பா இவருக்கு? வண்டி வித்தாப் போதும், போலீஸ் கேஸ் வேணாம் எனக்கு!" என்றார். அண்ணன் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல வண்டி. ஆனா நான் நைட் ஷிப்ட் முடிச்சு வந்தவன். என் தூக்கத்த நம்பி வாங்கக்கூடாது" என்று சொல்லிவிட்டுத் தலையணையோடு இறங்கிவிட்டார்.

வண்டிக்கு மார்க் போடுவதற்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. அண்ணிக்கு வலித்தால் 'முருகா' என்பார். அதனால் ரோட்டில் வேகத்தடையாகப் போட்டிருக்கிற ஒவ்வொரு ஹம்ப் ஏறி இறங்கும்போதும் அண்ணியாக மாறி, அந்த இடத்தில் அவர் என்ன சொல்வாரோ அதை இவர் சொல்வார். சின்ன ஹம்புக்கே "முருகா, முருகா!" என்றால் வண்டி அவுட். "தம்பி, இது ரெண்டு முருகா வண்டி. திருப்புங்க." வெள்ளிபோல் மின்னுகிற ஒரு காரைப் பார்த்து நானே மயங்கி நின்றேன். ஒரு பள்ளத்தில்தான் இறக்கினேன். பின்னாலிருந்து முருகன், வள்ளி, தெய்வானை மூன்று பேரையும் கூப்பிட்டுவிட்டார்.

இப்படிக் கழித்துக் கழித்துக் கடைசியில் இரண்டு வண்டி நின்றது. ஒன்று கறுப்பு, ஜெர்மன்காரன் கார். எந்தப் பள்ளத்தில் இறக்கினாலும் பின்சீட்டில் சத்தமே இல்லை. முருகன் பேரே வரவில்லை. இன்னொன்று வெள்ளை, ஜப்பான்காரன் கார். பெரிய ஹம்புக்கு மட்டும் ஒரு முருகா. மெக்கானிக் இரண்டையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெள்ளைய வாங்குனா நீங்க நிம்மதியாத் தூங்கலாம். கறுப்ப வாங்குனா அம்மா நிம்மதியாத் தூங்கலாம். அது ஓடற வரைக்கும் ராஜா. நின்னுபோச்சுன்னா ஸ்பேர் பார்ட்டு வர்றதுக்குள்ள ஒங்க பேரப்புள்ள பள்ளிக்கூடம் போயிடுவான்."

அண்ணி வெள்ளைதான் என்று ஒரே பிடியாக நின்றார். கறுப்பு வண்டியில் நல்ல காரியத்துக்குப் போவதா என்று வெளியில் சொன்னார். பி.எஃப். பணத்தையெல்லாம் மனுஷன் ரிப்பேருக்குக் கொட்டிவிடுவாரே என்பதுதான் உள்ளே இருந்த கவலை. எனக்குத் தெரியும்.

"ஒரு முருகாதானங்க? நான் சொல்லிக்கறேன். வழியெல்லாம் சாமி பேரச் சொன்னாப் புண்ணியந்தான?"

"நீ வலியில கூப்ட்டா அவன் பதறிப்போயிடுவான்டி" என்றார் அண்ணன்.

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. வளைகாப்போ நெருங்கிவிட்டது. கடைசியில் அண்ணன்தான், "முருகன்கிட்டயே கேட்டுடுவோம். பூக்கட்டிப் பார்க்கலாம். என்ன வருதோ அதுக்கு ரெண்டு பேரும் கட்டுப்படணும்" என்றார். அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒப்புக்கொண்டார். வெள்ளை அரளி வந்தால் வெள்ளைக் கார், செவ்வரளி வந்தால் கறுப்புக் கார்.

அண்ணி வீட்டில் இருக்க, அண்ணனோடு நானும் முருகன் கோயிலுக்குப் போனேன். ஒரே மாதிரி இரண்டு வாழை இலைப் பொட்டலம், நூல் சுற்றி வீட்டிலேயே கட்டிக் கொண்டுவந்திருந்தார். குருக்கள் அதைச் சாமி காலடியில் வைத்துத் தீபாராதனை காட்டி, தட்டில் வெளியே கொண்டுவந்தார். பிராகாரம் சுற்றிக்கொண்டிருந்த ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். பிரித்தால் செவ்வரளி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அண்ணனைப் பார்த்தேன். சாமி கும்பிடாமல், மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்து அவசரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து செருப்பு மாட்டக் குனிந்தபோது அது கீழே விழுந்து நூல் அவிழ்ந்தது. அதுவும் செவ்வரளி.

"என்ன அண்ணா இது? சாமிகிட்டப் போயி..."

அவர் பூவைப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது. "அவ வெள்ளதான் வேணும்னு முருகன்கிட்டயும் வேண்டிக்கிட்டிருப்பா தம்பி. அவ கேட்டா அவன் குடுத்துடுவான். எனக்கு அதுதான் பயம்."

அன்றைக்கு ராத்திரி நான் அவருக்காக மன்னிப்புக் கேட்டு கந்த சஷ்டி கவசம் படித்தேன்.

கறுப்புக் கார் வந்தது. கறுப்பு தெரியாமல் போகட்டும் என்று அண்ணன் மஞ்சளும் குங்குமமும் அப்பி, சாமந்தி மாலையால் பாதி வண்டியை மூடினார். வளைகாப்புக்கு முந்தின நாள் காலையில் கிளம்பினோம். பின்சீட்டு முழுக்க அண்ணி படுத்திருந்தார். எனக்குப் பக்கத்தில் முன்சீட்டு காலி. அண்ணன் எங்கே? பின்னால் சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவில், கால் வைக்கிற பள்ளத்தில் குறுகி உட்கார்ந்திருந்தார். பிரேக் போட்டால் அண்ணி உருண்டுவிடக் கூடாது என்று கையை அணைபோல் நீட்டியிருந்தார். அத்தனை காரில் படுத்துப் பார்த்த மனுஷர், சொந்தக் காரில் சீட்டில் உட்காரவே இல்லை.

கிருஷ்ணகிரி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். அண்ணன் டீ வாங்கப் போனார். அவர் தலை மறைந்ததும் அண்ணி படுத்தபடியே கூப்பிட்டார்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன். அவருகிட்டச் சொல்லிடாதீங்க. அன்னைக்கு அவரு வெள்ளப் பூ வாங்கவே இல்ல."

நான் டீக்கடைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டேன். "அண்ணி..."

"தெனம் நம்ம வாசலுக்கு வர்ற பூக்காரம்மாதான் சொன்னா. 'ஒங்க வூட்டுக்காரரு செவப்பு மட்டும் போதும்னு வாங்கிட்டுப் போறாரே, என்னா விசேஷம்?'னு கேட்டா. கோயிலுக்கு நீங்க போறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்காம விட்டீங்க?"

அண்ணி கூரையைப் பார்த்துச் சிரித்தார். "நா வெள்ளையக் குடுன்னு வேண்டிக்கவே இல்ல தம்பி. இந்த மனுஷன் என்னா நெனைக்கறாரோ அதயே நடத்திக் குடுன்னுதான் வேண்டிக்கிட்டேன். அவனும் நடத்திக் குடுத்துட்டான்."

அண்ணன் மூன்று டீயைக் கையில் ஏந்திக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல் வந்துகொண்டிருந்தார். "என்னா ரகசியம்?" என்றார். "ஒண்ணும் இல்லீங்க, ரோடு நல்லாருக்குன்னு பேசிக்கிட்டிருந்தோம்" என்றார் அண்ணி.

சேலம் போய்ச் சேரும்வரை பின்னாலிருந்து வலிச் சத்தம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. மறுநாள் மகளுக்கு முதல் வளையலை அண்ணிதான் போட்டார். மகள் கைக்கு வளையலும், அம்மா தோளுக்கு அப்பா கையுமாக மூன்று பேரும் நின்ற நிலையைப் பார்த்து, நான் வெளியே வந்து காரைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மெக்கானிக் சொன்னதும் பொய்க்கவில்லை. திரும்பி வந்த கார் எங்கள் தெருவில் மாசக்கணக்கில் நின்றது. பூனை அதன்மேல் குட்டி போட்டது. அண்ணன் ஒருநாள்கூட அந்த வண்டியைத் திட்டியதில்லை. பிறகு சரிசெய்து, பேரனைப் பார்க்க எத்தனையோ தடவை போய்வந்து, கடைசியில் மகளுக்குப் பக்கத்திலேயே குடிபோய்விட்டார்கள்.

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை உங்கள் வீட்டில், வேலை செய்கிற இடத்தில் சொல்லுங்கள். நான் எழுதினபடியே சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கேட்கிறவர்கள் யாராவது, "அப்போ அந்த ஆளு சாமியையே ஏமாத்திட்டாருன்னு சொல்லு" என்றால் மட்டும் விட்டுவிடாதீர்கள். அண்ணி என்ன வேண்டிக்கொண்டார் என்பதை இன்னொரு தடவை சொல்லுங்கள். அவர் எனக்குக் கூடப்பிறக்காத அண்ணன்.